மக்ரூன் டப்பாவில் இருந்த கையுறை

விக்கெட் கீப்பர் தவறவிடும் பந்து எங்கள் ஊரில் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். தூத்துக்குடியில் பள்ளி மைதானம் என்ற பேரில் நாங்கள் ஆடியது உப்பளத்து ஓரத்துக் கட்டாந்தரையில். பந்து விழுந்தால் டொக்கென்று கேட்கும். சாலையில் உப்பு லாரிக்குக் காத்து நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் ஏப்ரல் மாதப் புல் அப்படியில்லை. ஊறிப்போய்க் கிடக்கும். அன்றைக்கு என் கையிலிருந்து நழுவிய பந்து அதில் விழுந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. பிடித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அம்பயரைப் பார்த்துக் கத்தியும்விட்டேன்.

கைக்குள் பந்து இல்லை.

ஸ்லிப்பில் நின்றவள் என் கால் பக்கத்தில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் பந்துவீச்சாளரிடம் எறிந்தாள். வீசியவள் பெயர் கேட். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துபோனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஆட்டத்தில் நான் விட்ட இரண்டாவது கேட்ச் அது. முதலாவதும் கேட் வீசிய பந்துதான்.

மூன்று ஆட்டம்

ஒரு கவுண்டி அணி என்னை அழைத்திருந்தது என்று போன வாரம் இந்தத் தொடரில் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய கீப்பர் ஹெலனுக்குக் குளிர்காலப் பயிற்சியில் விரல் முறிந்துவிட்டது. ஜூன் வரைக்கும் அவளால் கீப்பிங்குக்கு நிற்க முடியாது. சீசன் தொடங்குமுன் மூன்று பயிற்சி ஆட்டங்கள். அதில் நான் தேறினால் இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம். தேறாவிட்டால் ஊர் திரும்ப விமான டிக்கெட்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நான் தேறாவிட்டால் ஹெலன் குணமாகும்வரை காத்திருப்பார்கள், இடம் அவளுக்கே. தேறிவிட்டால் அவள் இரண்டாவது கீப்பர். அவளுடைய ஒப்பந்தமும் அந்தக் கோடையோடு முடிகிறது.

கீப்பர் வேலையில் உள்ள கொடுமையே இதுதான். பேட் பிடிக்க ஆறேழு பேருக்கு இடம் இருக்கும். பந்து வீச ஐந்து பேராவது வேண்டும். ஸ்டம்புக்குப் பின்னால் ஒருத்திதான் குந்தி உட்கார முடியும். அடுத்தவள் தண்ணீர் பாட்டிலோடு எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இந்தியச் சட்டையைச் சில முறை போட்டுக் கழற்றியாகிவிட்டது. திரும்பப் போடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நான் வேலை பார்த்த வங்கியில் சம்பளமில்லாத விடுப்பு கேட்டபோது மேலாளர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "அங்கன போயும் இதே பந்தத்தான மேடம் பிடிக்கப் போறிய?" என்றார். அந்த 'இதே பந்து' என் கையில் நிற்கவில்லை என்பதை அவருக்கு எப்படி எழுதிப்போடுவது என்றுதான் அந்த முதல் ஆட்டம் முடிந்து பேருந்தில் வரும்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு ஜோடி

கீப்பரின் பெரிய கையுறைக்குள்ளே மெல்லிய துணிக் கையுறை ஒன்று உண்டு. இன்னர் என்போம். கடையில் தோலிலும் பருத்தியிலும் கிடைக்கும். எனக்குக் கடைசிவரை அம்மா தைத்ததுதான். அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவள். மீந்த பனியன் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, விரல் இடுக்கில் தையல் உறுத்தாதபடி வெளிப்பக்கமாகத் தைத்துத் தருவாள். இந்திய அணி முகாமில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனி என்று கேட்டாள். எங்கள் வீடு இருப்பது கடற்கரைச் சாலையில். கடற்கரைச் சாலைக் கம்பெனி என்றேன். குறித்துக்கொண்டாள்.

இங்கிலாந்துக்கு எட்டு ஜோடி தைத்தாள். பழைய மக்ரூன் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் அடுக்கினாள். எங்கள் ஊர் மக்ரூன் வாசனை அப்படி எளிதில் போகாது. முந்திரியும் முட்டையும் சீனியுமாக அந்தத் தகரத்திலேயே ஊறிக் கிடக்கும். டப்பாவைத் திறந்தால் பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இன்னரை நனைத்துப் போடுகிற பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா சங்கு குளிக்கப் போகும் போட்டில் வேலை. ஆனால் குளிக்கிறவர் இல்லை. கடலுக்கு அடியில் இருக்கிறவர்களுக்கு மேலேயிருந்து கம்ப்ரசரில் காற்று போகும். அந்தக் காற்றுக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டில் நிற்பது அவர் வேலை. கீழே இருக்கிறவர் குழாயை இழுத்தால் அது இவர் கைக்குத் தெரிய வேண்டும். சங்கு எடுத்து வருகிறவரை எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள். குழாய் பிடித்தவரை அவர் தவறு செய்தால்தான் கவனிப்பார்கள். நான் எந்த வேலைக்குப் போனேன் என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வரும்.

வெயிலில் காய்ந்து உப்பு ஏறிய கைக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்பாவின் உறுதி. குழாயைத் தொடுமுன் கையைத் தண்ணீரில் முக்கிவிடுவார். நான் முதன்முதலில் கையுறை போட்ட காலத்தில் அதையேதான் எனக்கும் சொன்னார். எங்கள் ஊர் வெயிலுக்கு அது அருமையாக ஒத்துவந்தது. நனைந்த துணி விரலோடு ஒட்டி, கையுறையே தோல் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு நனைத்தாலும் பத்து நிமிடத்தில் காய்ந்துபோகும்.

முதல் ஆட்டம் முடிந்து அப்பாவிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "கை காஞ்சிருக்கும்ளா. நல்லா நனச்சிக்க" என்றார்.

இரண்டாவது ஆட்டத்தில் நல்லா நனைத்துக்கொண்டேன். குழாயைத் திறந்து, பனிக்கட்டியிலிருந்து இப்போதுதான் உருகி வந்த மாதிரி இருந்த தண்ணீரில், இன்னர் சொட்டச் சொட்ட. ஒரு கேட்ச் போயிற்று. ஒரு ஸ்டம்பிங் போயிற்று. கால் பக்கம் போன பந்துகள் இரண்டு கைக்கு நடுவே புகுந்து எல்லைக் கோட்டுக்கே போயின. பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, மூன்றாவது ஆட்டத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். அந்த ஊரில் மரியாதைக் குறைவாக எதையும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் புரிந்தது.

வாஷ்பேசின் பக்கத்தில்

மூன்றாவது ஆட்டத்தன்று காலை, உடைமாற்றும் அறையில் இன்னரை நனைத்துக்கொண்டிருந்தேன். ஹெலன் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவள். முறிந்த விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தாள். நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் நனைக்காதே, கை மரத்துப்போகும், உலர்ந்ததைப் போட்டுக்கொள் என்றாள்.

நன்றி என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் இன்னரை இன்னும் ஒருமுறை முக்கிப் பிழிந்து போட்டுக்கொண்டேன்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நான் தோற்றால் அவளுக்கு இடம் கிடைக்கும். அப்படிப்பட்டவள் எனக்கு நல்லது சொல்வாளா என்று தோன்றியது. இப்படித் தோன்றியதற்கு ஹெலனிடம் எந்தக் காரணமும் இல்லை. காரணம் என்னிடம்தான் இருந்தது. அதை இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. வெட்கம்தான்.

மணியாச்சி வருமுன்

ஸ்ரீவைகுண்டத்து வசந்தாவைக் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாநில அணியில் எனக்குப் பிறகு வந்த கீப்பர். சுழல்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி அவள் நிற்கிற அழகை இன்றைக்கு டிவியில் எல்லோரும் புகழ்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். அப்போது நான் முதல் கீப்பர், அவள் இரண்டாவது. எனக்குக் காயம் என்றால்தான் அவளுக்கு ஆட்டம்.

தண்ணீர் இடைவேளையில் மற்றவர்களுக்குக் குடிக்கக் கொண்டுவரும்போது எனக்கு மட்டும் தனியாக ஒரு பாட்டில் கொண்டுவருவாள். இன்னரை நனைக்க. நான் கேட்டதில்லை. அவளாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், அவள் ஊற்றுவாள்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. சுழல்பந்துக்கு நிற்கும்போது பந்து தரையைத் தொடுமுன்பே எழுந்துவிடுவாள். அதனால் தாழ்ந்து வருகிற பந்தெல்லாம் கைக்கு அடியில் போய்விடும். கீப்பிங்குக்கென்று தனியாகச் சொல்லித்தர எங்கள் முகாமில் யாரும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கீப்பரின் கண் வேண்டும். நான் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

ஒருமுறை சென்னையில் ஆடிவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் கோவில்பட்டி தாண்டியதும் அவள் எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். மணியாச்சியில் அவள் இறங்கி வண்டி மாற வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"ஏளா செலினு, ஸ்பின்னுக்கு நிக்கும்போ தாழ்ந்து வார பந்து மட்டும் எனக்கு அமைய மாட்டேங்கு. ஒனக்கு ஏதாவது தெரியுதா?"

எனக்குத் தெரியும். ஒரே வரிதான். சொல்லி முடிக்க மணியாச்சிகூட வர வேண்டியதில்லை.

"ஒழுங்கா தூங்குதியா?" என்றேன். "கண்ணு அசந்துபோயி இருக்கும். சீக்கிரமா படு."

அவள் தலையாட்டினாள். அப்படியும் இருக்கும் என்றாள். பிறகு வந்த முகாம்களில் நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் கூத்தடித்துக்கொண்டிருக்கும்போது வசந்தா மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிடுவாள். கோழி அடைந்துவிட்டது என்று கேலி செய்வோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்படிப்பட்ட நான், வாஷ்பேசின் பக்கத்தில் வந்து ஹெலன் சொன்னதை எப்படி நம்புவேன்?

தண்ணீர் இடைவேளை

மூன்றாவது ஆட்டம். மேகமூட்டமும் காற்றுமாக இருந்தது. கேட் அன்று பிரமாதமாக வீசினாள். அவளுடைய நாலாவது ஓவரில் பந்து பேட்டின் ஓரத்தில் பட்டு நேராக என் நெஞ்சுக்கு வந்தது. குழந்தைகூடப் பிடிக்கும். என் கையில் பட்டு, நெஞ்சில் பட்டு, கீழே விழுந்தது. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய் நின்றார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் மனம் ஓடியது.

தண்ணீர் இடைவேளை வந்தது. பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ஹெலன். அவற்றை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். கேட்காமல் என் கையுறைகளை உருவினாள். ஈர இன்னரையும் உரித்தெடுத்தாள். உள்ளே என் விரல்கள் வெளுத்து, நகம் நீலம் பாய்ந்து கிடந்தன. நடுவிரலை அழுத்திப் பிடித்து, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை. அவள் அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், கைக்குத் தெரியவில்லை.

மேல்கோட்டுக்குள் வெந்நீர்ப் பை ஒன்றை வைத்திருந்தாள். அதை என் இரண்டு கைக்கும் நடுவே கொடுத்து, என் கைகளை வெளியிலிருந்து தன் கைகளால் மூடிக்கொண்டாள். முறிந்த விரலோடுதான். இடைவேளை முழுக்க அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு வலித்தது. அந்த வலியைப் போல எனக்குச் சந்தோஷம் தந்த வலி வேறில்லை.

அம்பயர் நேரமாயிற்று என்றபோது, மேல்கோட்டுக்குள் அந்தப் பையோடு சேர்த்து வைத்திருந்த உலர்ந்த இன்னர் ஒரு ஜோடியை எடுத்தாள். என் கிட்பேகைத் திறந்து டப்பாவிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். கதகதப்பாக இருந்தது. விரலை நுழைத்ததும் மக்ரூன் வாசனை வந்தது. இங்கிலாந்தின் வடக்கு மூலையில், நடு மைதானத்தில், எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது ஓவரில் கேட் வீசிய பந்து மறுபடியும் பேட்டின் ஓரத்தில் பட்டது. இது நெஞ்சுக்கு வரவில்லை. வலது பக்கம், தரைக்கு அரையடி மேலே. பாய்ந்தேன். பந்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை கையைத் தூக்குமுன் ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டேன். கேட் ஓடிவந்து என்னைத் தூக்கியே விட்டாள். அன்று இன்னும் ஒரு கேட்ச், ஒரு ஸ்டம்பிங். அடுத்த வாரம் ஒப்பந்தக் கடிதம் வந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஹெலனிடம் போய் நின்றேன். நீ சும்மா இருந்திருந்தால் இடம் உனக்கு வந்திருக்குமே என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீ விட்டதெல்லாம் கேட்டுடைய விக்கெட். மூன்று ஆட்டமாக அவள் உயிரைக் கொடுத்து வீசுகிறாள். காரணம் தெரிந்துகொண்டு நான் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பேன்?"

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வருடம் அவள் இரண்டாம் அணிக்குத்தான் ஆடினாள். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். அங்கே எனக்குக் கிடைத்த சோறும் பேரும் ஹெலன் போட்டது. அவளிடமே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு டப்பா மக்ரூன் போகிறது. உடைந்த தூளாகத்தான் போய்ச் சேர்கிறது, ஸ்பூனால் சாப்பிடுகிறேன் என்று எழுதுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை

ஒப்பந்தக் கடிதம் வந்த அந்த வாரம் முழுக்க, வசந்தா நிற்கும்போது எங்கள் ஊர்ச் சுழல்பந்துப் பெண்களுக்குக் கைநழுவிப்போன ஸ்டம்பிங்குகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த விக்கெட்டுகள் அவர்களுடையவை. அதை அதுவரை நான் அப்படி நினைத்ததே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. இங்கே செப்டம்பரில் முடிந்தால் அக்டோபரில் ஊர் திரும்பி மாநில அணிக்கு நிற்கலாம் என்பது என் கணக்கு. வசந்தாவிடம் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் அந்த இடம் எனக்கு இருக்காது. அதுவும் நன்றாகவே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் போட்டேன். அங்கே சாயந்திரம். குக்கர் சத்தம் கேட்டது. என் ஒப்பந்தச் செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. எங்க வீட்டுல எல்லாருக்கும் கேசரி கிண்டிக் குடுத்தேன் என்றாள். அதைக் கேட்டபிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். ரயில், மணியாச்சி, அவள் கேட்டது, எனக்குப் பதில் தெரிந்திருந்தது, எல்லாம். பந்து தரையைத் தொடுமுன் நீ எழும்பிவிடுகிறாய், அதுதான் விஷயம் என்றேன். என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொன்றும் விட்டது. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அப்போ ரெண்டு வருசமா நா ஒம்பது மணிக்கே போயிப் படுத்தது எதுக்குளா?" என்றாள்.

பிறகு வீட்டில் யாரிடமோ அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

"சரி, கெடக்கு. எப்ப எழும்பணும்? அதச் சொல்லு."

போனைக் கட்டில்மேல் வைத்தேன். அவளால் பார்க்க முடியாது என்று தெரிந்தும், அந்த அறையின் கம்பளத்தில் கால் விரித்துக் குந்தி உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.